இரண்டு வலது கால்கள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு குதிரை இருக்கிறது. கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும். என் அண்ணன் சின்ன வகுப்பில் படிக்கும்போது வரைந்தது. அம்மா அதை மாட்டிய அன்றே குடும்பத்தில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. "அவனுக்குக் கை, இவளுக்கு வாய்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நானும் அந்த வாரமே ஒரு பசுமாடு வரைந்தேன். சித்தப்பா அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேஜை நல்லா இருக்கே" என்றார். வீடே சிரித்தது. அழுதுகொண்டே கிழித்துப் போட்டேன். எனக்கு வராது என்று அவர்கள் நினைத்ததைப் பற்றிக் கவலையில்லை. நானும் அதையே நம்பிக்கொண்டு பாதி வயசைக் கழித்தேன் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அம்மா போய்விட்டாள். வீடு மாறினோம், குதிரையும் கூடவே வந்தது. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு கோடுகூட இழுத்ததில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஆனாலும் பட்டம் அவனிடம்தான். யார் வீட்டில் என்ன படம் மாட்டியிருந்தாலும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, "அளவு கொஞ்சம் தப்பு" என்பான். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். நான் கல்யாணமாகிப் போன இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் வீட்டுச் செலவில் என் பங்கைக் கொடுத்துவிட்டு இருக்கிறேன். இதைச் சொல்லாமல் எனக்குக் கதை ஓடாது.

நான் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். வருகிறவர் காலடியில் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாதத்தை அளந்து, "போடப் போட இளகிடும்" என்று கூசாமல் பொய் சொல்லும் வேலை. உலகத்தை முழங்காலுக்குக் கீழே பார்த்துத்தான் என் பிழைப்பு. முகம் மறந்துவிடும், கால் மறக்காது.

ஒரு வாரம் மழை விடாமல் கொட்டியது. கடையில் ஈ காக்கை இல்லை. எதிர் அலமாரியில் ஒரு பழுப்பு நிற லேஸ் ஷூ. மூக்கு நீண்ட மாடல், பெரிய சைஸ். விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டும் எந்தக் காலும் அதற்குள் நுழையச் சம்மதிக்கவில்லை. கையில் பெட்டி மேல் சைஸ் எழுதுகிற பென்சில் இருந்தது. பக்கத்தில் கிழிந்த அட்டைப்பெட்டியின் மூடி, உள்பக்கம் வெள்ளை வெளேரென்று. சும்மா இருக்க முடியாமல் அந்த ஷூவை வரைந்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். தலைமுடியிலிருந்து ஷூ நுனிவரை பளபளப்பாகவே இருப்பார் என்பதால் அவருக்குப் பாலிஷ் என்று பெயர் வைத்திருந்தோம். பாலிஷ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மழைக்குப் பொருத்தமாகப் படகு வரைந்திருக்கிறேன் என்று பாராட்டினார்.

மேஜை ஞாபகம் வந்தது. சுருக்கென்று உள்ளே குத்தியது. ஆனால் அழுகிற வயசெல்லாம் தாண்டியாகிவிட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிட்டு முடித்த கையோடு, அதே ஷூவை மறுபடியும் வரைந்தேன். மறுபடியும் படகு. அதற்கு மறுநாளும் படகு. விற்காத ஷூவுக்கும் விடாத எனக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

இடையில் ஒரு குறுக்குவழியும் பார்த்தேன். ஷூ பெட்டிக்குள் சுற்றி வைக்கிற மெல்லிய தாள் இருக்கிறதே, அதைக் கம்பெனி அனுப்பிய விளம்பரப் புத்தகத்தின் மேல் போட்டு, அடியில் தெரிந்த ஷூவை அப்படியே இழுத்தேன். பாலிஷ் பார்த்துவிட்டு, அட, இப்போதுதான் ஷூ மாதிரி இருக்கிறது என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு. அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து ஒரு வாரம் போகவர அழகு பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. ஷூ சரியாகத்தான் இருந்தது. கோடுதான் செத்திருந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிற ஆள் மாதிரி, எங்கேயும் வேகம் இல்லாமல், எங்கேயும் துணிச்சல் இல்லாமல், நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. நடுவில் தாள் நகர்ந்த இடத்தில் ஓரம் இரண்டாகப் பிளந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் படகுக்கே திரும்பினேன். என் படகு தப்பாக இருந்தாலும் அது நான் போன வழி.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள், அல்லது சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டையும் தாங்குகிற பொறுமை எனக்குக் கிடையாது. வரைந்து வரைந்து ஒன்றொன்றாகத் தட்டுப்பட்டது. பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால் குதிகால் உயரம் இவ்வளவு, மொத்த நீளம் இவ்வளவு என்று பிடிபடும். ஷூ வாய் வட்டம் இல்லை, அமுங்கிய வட்டம். ஒருநாள் அலுத்துப்போய், ஷூவையே விட்டுவிட்டு, அதைச் சுற்றியும், குதிகாலுக்கு முன்னால் ஷூவுக்கும் பலகைக்கும் இடையேயும் இருந்த வெற்றிடத்தை மட்டும் வரைந்தேன். தூக்கிப் பார்த்தால் ஷூ தானாக நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஷூ தெரியும் என்ற நினைப்புதான் இத்தனை நாள் என்னை ஷூவைப் பார்க்க விடாமல் செய்திருக்கிறது. அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம், இந்த மாடல் உங்களுக்குக் கடிக்கும், வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் பாலிஷே ஒருநாள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லேஸ் போடுகிற துளை ஒன்று குறைகிறது என்று போகிற போக்கில் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. துளையை எண்ணும் அளவுக்கு அது ஷூவாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தைரியத்தில்தான் வீட்டில் கை வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை, தோள், மடியில் தட்டு, நாற்காலிக் கால், அவள் கால் என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய மூடியில் வரைந்து, பெருமை தாங்காமல் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். எனக்கு ரெண்டும் வலது கால். நான் எப்படிங்க நடப்பேன்?"

பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல் ஒரே பக்கம். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கடை அலமாரியில் நாங்கள் ஒற்றைக் கால்தான் வைப்போம், அதுவும் வலது மட்டும். ஜோடியாக வைத்தால் யாராவது போட்டுக்கொண்டே போய்விடுவான். இடது கால் எல்லாம் உள்ளே கோடவுனில், பெட்டிக்குள். இத்தனை நாள் நான் பார்த்துப் பார்த்து வரைந்தது எல்லாமே வலது. என் கைக்கு உலகத்தில் இடது கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அண்ணன் வந்தான். தலையைச் சாய்த்தான், ஒரு கண்ணை மூடினான்.

"இதெல்லாம் பொறக்கும்போதே வரணும். வர்றதா இருந்தா தானா வந்திருக்கும். நீ ஏன் மெனக்கெடுற?"

"உனக்கு வந்த ரத்தம்தானே எனக்கும் ஓடுது?"

"ஓடுது. கைக்குப் போகல," என்றான். அண்ணி மறுபடி சிரித்தாள். அவன் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்: "சரி, ஒண்ணு பண்ணுவோம். சுவத்துல மாட்டுற மாதிரி நீ ஒண்ணு வரை. நானே ஆணி அடிக்கிறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டு இல்லை. சின்ன வயசிலிருந்து அந்தக் குதிரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சுவரில் எனக்கு ஓர் ஆணி வேண்டும், அதைத் தவிர எனக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடிக்கிறாயா பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வலது கால் உள்ள அண்ணியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தைக் கோடவுனுக்கு மாற்றினேன். ரப்பர் நாற்றமும் ஒற்றை பல்பும் உள்ள அறை. பெட்டிகளைத் திறந்து இடது கால்களை மட்டும் எடுத்து வைத்து வரைந்தேன். கை அடம் பிடித்தது. இடதைப் பார்த்துக்கொண்டே வலதை வரையும். பழக்கம் என்றால் இதுதான், நல்லதும் அதுவே கெட்டதும் அதுவே. அடித்து, அழித்து, மூடியைத் திருப்பி மறுபடியும் ஆரம்பிப்பேன். காய்ச்சலோடும் வரைந்தேன். பாலிஷோடு சண்டை போட்ட அன்றைக்கும் வரைந்தேன். நன்றாக வந்த நாள் என்று சந்தோஷப்பட்டால் அடுத்த நாள் கேவலமாக வரும். அதனால் சந்தோஷம், துக்கம் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, பல் விளக்குவது மாதிரி வரைய ஆரம்பித்தேன். பல் விளக்குகிறவரை யாரும், உனக்கு இது பிறவியிலேயே வருமா என்று கேட்பதில்லையே.

ஷூ சலித்ததும் காலுக்கு வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அளவு எடுக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வேன். கணுக்காலில் உள்பக்க எலும்பு கொஞ்சம் மேலே, வெளிப்பக்க எலும்பு கொஞ்சம் கீழே. இது எனக்கு இத்தனை வருஷம் காலைத் தொட்டுப் பிழைத்தும் தெரியாமல் இருந்தது, பென்சில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. மூடிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி அடுக்கி, அவை கட்டிலையே தூக்கிவிடும் போலிருந்தது. வீடா கோடவுனா என்று அண்ணி முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹாலைக் காலி செய்யும்போது குதிரையைக் கழற்றுகிற வேலை எனக்கு வந்தது. ஃபிரேம் பின்பக்கம் கரையான் அரித்திருந்தது. வெயிலில் வைக்கலாம் என்று கண்ணாடியைப் பிரித்து, தாளைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கோடு செத்திருந்தது.

சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற அதே கோடு. எங்கேயும் அழித்த சுவடு இல்லை, எங்கேயும் தேடிய சுவடு இல்லை. பிடரியில் ஓரம் இரண்டாகப் பிளந்திருந்தது. பின்னங்கால் தொடையை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றது. தாள் நகர்ந்த இடம். அடியில் ஏதோ காலண்டர் படம் இருந்திருக்கிறது.

திரும்பினேன். அண்ணன் வாசற்படியில் சோபா குஷனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்திருப்பதைப் பார்த்தான். தாளை உள்ளே வைத்து மூடினேன். பெயின்ட் காய்ந்ததும் குதிரை பழைய இடத்திலேயே ஏறியது.

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது, ஆனால் கோபம்தான் பெரிது. இந்தச் செத்த கோட்டை வைத்துத்தானா என்னை மேஜை என்றீர்கள்? வாய் எனக்குத்தான் என்று அம்மா சொன்னாளே, அந்த வாயை அன்றைக்கு மூடி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணன் திருட்டு அம்பலமானால் என் கோடு ஒன்றும் நன்றாகிவிடாது. என் ஆணி என் படத்துக்கு விழ வேண்டும். அவன் குதிரை செத்ததற்கு ஆறுதலாக விழக் கூடாது.

அதன் பிறகு அண்ணனின் காலை வரைய ஆரம்பித்தேன். அவன் ஆபீஸ் விட்டு வந்து, முக்காலி மேல் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பான். முகம் பேப்பருக்குப் பின்னால். பாதங்கள் மட்டும் எனக்கு. நாள்தோறும் வரைந்தேன். ஒருநாள் சாயங்காலம் கை தானாக நின்றது. மேலே வைக்க ஒரு கோடும் இல்லை, எடுக்கவும் இல்லை.

மேஜை மேல் கிடந்த மூடியை அண்ணிதான் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"இது அவர் காலு. சுண்டுவிரல் மடங்கியிருக்கு பாரு. இடது குதிகால்ல வெடிப்புகூட இருக்கு."

அண்ணன் பேப்பரை இறக்கினான். ரொம்ப நேரம் பார்த்தான். தலையைச் சாய்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஞாயிறு காலை சுத்தியலோடு நாற்காலி மேல் அவன் ஏறி நிற்கும்போதுதான் மேல் வீட்டுக்காரர் வந்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேச வந்தவர், சோபாவில் இருந்த மூடியைப் பார்த்து அசந்து நின்றார். யார் வரைந்தது என்று கேட்டு, நான் என்றதும், குதிரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், விஷயம் விளங்கிய மாதிரி சிரித்தார்.

"அதானே பார்த்தேன். ரத்தம் எங்க போகும்? அண்ணன்கிட்ட இருக்கிறது தங்கச்சிக்கும் வந்திருக்கு. பிறவி வரம்மா இது."

அண்ணியும் ஆமாம், அவர் வழிதான் என்று ஒத்து ஊதினாள். இரண்டு வலது காலைப் பார்த்துச் சிரித்த அதே அண்ணி. அண்ணன் நாற்காலி மேலேயே நின்றான், சுவரைப் பார்த்தபடி. கழுத்து சிவந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வராது என்று சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அப்போது இல்லை என்றார்கள். இப்போது, உன்னுடையது இல்லை என்கிறார்கள். கோடவுனின் ரப்பர் நாற்றம், அழித்து அழித்துத் தேய்ந்த அட்டை, காய்ச்சல் நாட்கள் எல்லாவற்றையும் அந்த மனுஷன் ஒரே வார்த்தையில் கழுவி, செத்துப்போன ஒரு குதிரைக்குத் தானம் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனின் கழுத்தைப் பார்த்தேன். விழுங்கினேன். அந்த வாக்கியம் எனக்குத் தேவையில்லை, என்னிடம் அதைவிட நல்லது இருந்தது.

அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, அந்த மூடியை இழுத்து, தூசியைத் தட்டிக் கொண்டுவந்தேன். மேல் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். இரண்டு வலது கால். ஒரு பக்கம் சரிந்த நாற்காலி. வாணலி மாதிரி ஒரு முகம்.

"இதுதான் சார் ரத்தம் வரைஞ்சது. மிச்சத்த நான் வரைஞ்சேன்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். நான் அண்ணனைக் கீழே இறங்கச் சொன்னேன். சுத்தியலை வாங்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, குதிரைக்குப் பக்கத்தில், புதுப் பெயின்டில், நானே ஆணி அடித்தேன். மாட்டியது அண்ணனின் பாதங்களை அல்ல, அண்ணியைத்தான்.

"அய்யோ, அதையா மாட்டுற? வர்றவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நடக்க முடியாதவன்னு நினைப்பாங்க அண்ணி. நினைக்கட்டும். நான் எங்கேருந்து வந்தேன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அதற்குக் கீழே இன்னொரு ஆணி அடித்து, பாதங்களையும் மாட்டினேன். அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது அண்ணன் ஹாலில் குதிரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன் குதிரைய ஜெயிச்சிருப்பேன். அதுல எனக்கு என்ன இருக்கு?"

அவன் பேசினான். வகுப்பில் எல்லாரும் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டிப் படம் இழுப்பார்களாம். அம்மாவிடம் காட்டியபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தானாம். அதற்குள் அவள் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுவிட்டாள். ஃபிரேம் வந்தது, மாமா கலர் பெட்டி வாங்கி வந்தார். அடுத்து எது வரைந்தாலும் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் அந்தப் பெட்டியை அவன் திறக்கவே இல்லை. பென்சிலைத் தொட எவ்வளவு ஆசை இருந்தது என்றும் சொன்னான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் மேஜை என்று வீடே சிரித்தபோது அவனும் சேர்ந்து சிரித்ததற்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் அவனிடமே சொன்னேன்.

"அந்த அட்டை மூடி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டான்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, வேண்டுமானால் குனிந்து எடுத்துக்கொள் என்றேன். எடுத்தான். குதிரையையே வரைந்தான், தாள் எதுவும் போடாமல், நெற்றி வியர்க்க. பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நான் வாசலில் நின்றேன். கடைசியில் திருப்பிக் காட்டினான். நாலு கால், ஒரு பலகை. சாட்சாத் மேஜை.

"எப்படி இருக்கு?" என்றான். அந்த வயசிலும் அவன் முகம், நல்லா இருக்குன்னு சொல்லேன் என்று கெஞ்சியது.

"நல்லா இல்ல," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். "நாளைக்கும் வரை."